முப்பது கிராம் குறைந்த கட்லா

எங்கள் வீட்டில் மீன் என்றால் அணை மீன்தான். கடல் மீனை அத்தை அடுப்படிக்குள் விடமாட்டார். "ஐஸில் எத்தனை நாள் படுத்துக் கிடந்ததோ" என்பார். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணைக்குப் போய்விடுவேன். பரிசல்கள் கரை திரும்பும் நேரம் அது.

போன மாதம் ஒரு ஞாயிறு தாமதமாகப் போனேன். கரையில் மீன் தீர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் சாலையோரம் ஒருவர் ஈரச் சாக்கை விரித்து நான்கு ரோகுக் கெண்டை வைத்திருந்தார். ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். விலை பாதிக்குப் பாதி. பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்து, வெற்றியோடு வீடு வந்தேன்.

அத்தை அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாயே!"

குழம்பு கொதித்து இறங்கியதும் தண்டனை தொடங்கியது. கெண்டை இனத்துக்குச் சதைக்குள் கவட்டை போலப் பிரிந்த முள் உண்டு. பெரிய மீனில் அது கண்ணுக்குத் தெரியும், எடுத்துப் போடலாம். அரைக் கிலோ மீனில் மயிரிழை. சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்த முறை வழக்கமாக மீன் தரும் பரிசல்காரரிடம் இதைச் சொல்லி, "முட்டையிடுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் இனமே அழிந்துவிடாதா அண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "டீச்சரம்மா, ரோகுவும் கட்லாவும் இங்கே முட்டையிட்டுப் பெருகும் என்று யார் சொன்னது? எல்லாம் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை."

வெட்கமாக இருந்தது. இருபது வருடமாகச் சாப்பிடும் மீனைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். மழைவெள்ளம் பாயும் ஆற்றில்தான் அவை முட்டையிடும். தேங்கிய நீரில் எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் தானாகப் பெருகாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் கட்டாக்கில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். பண்ணையில் குஞ்சு பொரித்து அணைக்கு அணை கொண்டுபோய் விடுவது அதன் பிறகே பெருகியது.

அப்படியானால் ஒரு கிலோவுக்குக் குறைந்த ரோகு, கட்லாவை இந்த அணையில் பிடிக்கக் கூடாது என்று ஓர் எல்லை வைத்தார்களே, அது எதற்கு? இனத்தைக் காப்பாற்ற அல்ல. அரைக் கிலோ மீன் வேகமாக எடை கூடும் பருவத்தில் இருக்கிறது. இன்னும் சில மாதம் விட்டால் அதே மீன் இரண்டு மடங்கு. இப்போதே பிடிப்பது, முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை உடைப்பது போல. நான் கணக்கு டீச்சர். இந்த மொழியில் சொன்னால் எனக்குச் சட்டென்று உறைக்கும்.

ஆழியாறு சிறிய நீர்த்தேக்கம், ஏறத்தாழ 646 ஹெக்டேர். ஆயிரம் ஹெக்டேருக்குக் குறைந்தால் சிறியது என்பது இந்தியக் கணக்கு. 1964-65இல் இங்கே கிடைத்த மீன் ஹெக்டேருக்கு 1.67 கிலோ. பெருக்கிப் பாருங்கள்: வருடம் முழுவதும் பிடித்தது ஒரு டன்னுக்குச் சற்று மேல், ஒரே ஒரு வேனில் அடங்கிவிடும். பிறகு 1985 வாக்கில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து முறையை மாற்றினார்கள். 1990இல் ஹெக்டேருக்கு 194 கிலோ. மொத்தம் 125 டன்!

அவர்கள் குஞ்சுகளை அதிகமாக விட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, குறைத்தார்கள். அதற்கு முன் ஹெக்டேருக்கு 500 முதல் 2,500 வரை மனம்போனபடி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதை 235 முதல் 300 வரை என்று இறக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு குஞ்சும் பத்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பொடிக்குஞ்சு விராலுக்குக் காலை உணவு. விரல் நீளத்தைத் தாண்டியது தப்பித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் தவணையாக விட்டார்கள். வலைக்கண்ணின் அளவைக் கண்டிப்பாக்கினார்கள். ஒரு கிலோ எல்லையும் அப்போது வந்ததுதான்.

ஜிலேபி மீனுக்கு, அதாவது திலாப்பியாவுக்கு, இந்த எல்லையெல்லாம் வேண்டாம். 1952இல் இந்தியாவுக்குள் வந்த அந்த ஆப்பிரிக்க மீன் யாரையும் எதிர்பார்க்காது. கரையோரம் குழி பறித்து, முட்டையை வாய்க்குள் வைத்துக் காத்து, தானே பெருகி, மற்ற மீனின் தீனியையும் தின்றுவிடும். சின்னதாக இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிக் கல்லில் போட்டு முறுகலாக எடுத்தால் எங்கள் அத்தையே இரண்டாவது தடவை கேட்பார்.

சிக்கல் கோடையில். அணையின் முழு உயரம் 120 அடி. பாசனத்துக்குத் திறந்துவிடத் திறந்துவிட நீர் சுருங்கும், மீன்கள் நெருங்கி நிற்கும், எந்த வலை போட்டாலும் விழும். தண்ணீர் திறப்பதில் மீனுக்கு வாக்குரிமை கிடையாது. தென்னைக்கும் நெல்லுக்கும் போக மிஞ்சியதில் அது நீந்த வேண்டும். சாலையோரச் சாக்குகள் அதிகமாகத் தெரிவதும் அப்போதுதான். என்னைப் போன்றவர்கள் வண்டியை நிறுத்துகிறோமே, பிறகு ஏன் தெரியாது?

நேற்று சரியான நேரத்துக்குப் போய்விட்டேன். பரிசலிலிருந்து இறங்கிய கூடையில் ஒரு கட்லா. தராசில் 970 கிராம்.

"முப்பது கிராம் குறைகிறதே, அண்ணா" என்றேன். சட்டம் பேசுகிற சுகம் இருக்கிறதே!

"திருப்பித் தண்ணீரில் விடட்டுமா?" என்று கேட்டு, மீனின் வாயைத் திறந்து காட்டினார். விறைத்திருந்தது. செவுளில் வலை அறுத்த கோடு. இரவே செத்திருக்கிறது. தராசில் ஏறும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கிறது, எடை பார்த்து என்ன செய்ய? பிழைப்பதும் மாட்டுவதும் வலையின் கண்ணில்தான் இருக்கிறது.

"வலையைக் காட்டுங்கள்" என்றேன். கரையில் காய்ந்துகொண்டிருந்ததை விரித்துப் பிடித்து, கண்ணுக்குள் விரல்களை நுழைத்துக் காட்டினார். நான்கு விரல் தாராளமாகப் போயிற்று. நானும் நுழைத்துப் பார்த்தேன். என் கையில் ஐந்தும் போயிற்று.

"உங்கள் விரலை வைத்து அளக்காதீர்கள் டீச்சரம்மா, அது சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிற விரல்" என்றார்.

கட்லாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்துப் போகப் போகிறேன். அவரிடம் சொல்லியும்விட்டேன், சாலையோரச் சாக்குக்காரரின் வலையையும் சேர்த்து அளந்துவிட்டு வரச் சொன்னார்.