கேனிஸ்டர் ஃபில்டரை வாரத்துக்கு ஒரு பாகமாகச் சுத்தம் செய்து பார்த்தேன்

என் 200 லிட்டர் மீன்தொட்டியின் நீரைக் குழாய் வழியே வெளியே இழுத்து, வடிகட்டித் திருப்பி அனுப்பும் மூடிய கலனான கேனிஸ்டர் ஃபில்டருக்கு இது மூன்றாம் ஆண்டு. சென்ற மாதம், நீர் திரும்பி விழும் இடத்தில் மேற்பரப்பு முன்போல் சலசலக்கவில்லை என்பதையும், எதிர் மூலையில் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடும் வாலிஸ்னீரியா இலைகள் நேராக நிற்பதையும் கவனித்தேன். நீரோட்டம் குறைந்துவிட்டது என்பது தெரிந்தது. எந்தப் பாகத்தால் குறைந்தது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு பாகத்தை மட்டும் சுத்தம் செய்வது, ஒவ்வொரு முறையும் ஓட்டத்தை அளந்து குறித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இப்படிப் பிரித்துச் செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஆண்டில் ஒரு நாள் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில், புதிதுபோல் வெளுக்கும்வரை தேய்த்துக் கழுவினேன். நான்காம் நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சோதித்துப் பார்த்தபோது அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டியது. அது இறங்கியபின் நைட்ரைட் ஏறியது. தினமும் நீர் மாற்றியும் இரண்டு டெட்ரா மீன்களை இழந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை, பரப்புகளில் ஒட்டியே வாழ்கின்றன. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அன்று நான் அழுக்கு என்று எண்ணித் தேய்த்து எடுத்ததில் பெரும் பகுதி, மீன்களை உயிரோடு வைத்திருந்த படலம். அந்த இரண்டு மீன்களை இன்னும் மறக்க முடியவில்லை.

அளக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலேயே ஒரு முறை தவறினேன். வாளியைத் தரையில் வைத்து, வெளியேறும் குழாயை அதில் விட்டு அளந்தபோது ஓட்டம் மிக நன்றாகவே இருப்பதாகத் தெரிந்தது. தொட்டி மேலும் வாளி கீழுமாக இருக்கும்போது பம்ப்பின் வேலையோடு நீர் தானாகவே இறங்கும் வேகமும் சேர்ந்துகொள்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. அதன்பின் வாளியை ஒரு மேசைமேல் ஏற்றி, அதன் விளிம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு வைத்து, 10 லிட்டர் நிரம்ப ஆகும் நேரத்தைக் கணக்கிட்டேன். ஃபில்டர் புதிதாக இருந்தபோது இதே முறையில் அளந்தது 48 வினாடி. அதாவது மணிக்கு 750 லிட்டர். பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே ஸ்பாஞ்சும் வளையங்களும் நிரம்பி, நீளக் குழாய்களும் சேர்ந்தபின் அந்த அளவு கிடைக்காது. சுத்தம் தொடங்கிய நாளன்று ஆனது 100 வினாடி, மணிக்கு 360 லிட்டர்.

முதல் வாரம் ஸ்பாஞ்ச். மின்சாரத்தைத் துண்டித்து, இரு வால்வுகளையும் மூடி, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை நான்கைந்து முறை பிழிந்தேன். வாளி நீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. மீண்டும் அளந்தபோது 88 வினாடி. எல்லாக் குற்றமும் ஸ்பாஞ்சினுடையது என்றே அதுவரை நம்பியிருந்த எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

இரண்டாம் வாரம் குழாய்கள். வெளியிலிருந்து பார்த்தால் லேசாகப் பழுப்பேறிய குழாய்கள்தாம். இரு முனையிலும் தூரிகை வைத்த நீளக் கம்பியை உள்ளே விட்டு இழுத்தபோது, கஞ்சி ஆடைபோல் வழவழப்பான பழுப்புப் படலம் சுருள் சுருளாக வந்து விழுந்தது. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் படிந்தால்கூட, நீர் செல்லும் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது, உராய்வும் கூடிவிடுகிறது. அன்றைய அளவு 58 வினாடி. ஸ்பாஞ்சால் கிடைத்தது 12 வினாடி, குழாய்களால் கிடைத்தது 30 வினாடி! மூன்று ஆண்டுகளில் இந்தக் குழாய்களை நான் ஒரு முறைகூடக் கழற்றியதில்லை.

மூன்றாம் வாரம் இம்பெல்லர், அதாவது பம்ப்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். அதன் காந்தம் உள்ளே பிடித்து இழுக்கும். பக்கவாட்டில் நெம்பினால் நடுவிலுள்ள செராமிக் தண்டு முறியும் என்பதால் நேராக மேல்நோக்கியே இழுக்க வேண்டும். இம்பெல்லர் அமரும் குழியில் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவும், இறக்கைகளுக்கிடையே நெல் உமியளவு நத்தை ஓட்டுத் துண்டு ஒன்றும் இருந்தன. சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய கடகட ஓசைக்கு அந்தத் துண்டே காரணம். சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் இம்பெல்லரை அரை மணி நேரம் ஊறவைத்து, அதே நீரைக் குழியிலும் ஊற்றி வைத்து, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுப் பொருத்தினேன். 51 வினாடி, ஓசையும் நின்றுவிட்டது.

பொருத்தும்போது ஒரு தடங்கல் வந்தது. மூடியைப் பூட்டி, நீரை நிரப்பி, கேனிஸ்டரை இருபுறமும் சாய்த்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி ஓடவிட்டபின், விளிம்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் ஈரம் பட்டது. மறுபடி திறந்து, மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரல் நுனியால் தடவிப் பார்த்ததில், கண்ணுக்கே தெரியாத ஒற்றை மணல் துகள் தட்டுப்பட்டது. ஓ-ரிங்கையும் அது அமரும் பள்ளத்தையும் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசியதும் கசிவு நின்றது. வாசலின் பூசுவதை நான் தவிர்க்கிறேன். பெட்ரோலியப் பொருள்கள் சில வகை ரப்பரை உப்பவைத்துத் தளர்த்திவிடும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரத்துக்குள் ஃபில்டரை மீண்டும் ஓடவிட்டேன். நீரோட்டம் நின்ற கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும், பாக்டீரியாக்கள் நலிவடையும். நீண்ட நேரம் மின்தடை ஏற்பட்டால் உள்ளிருக்கும் நாற்ற நீரை வெளியே கொட்டிவிட்டு, புதிதாகத் தொட்டி நீரை நிரப்பிய பிறகுதான் ஓடவிட வேண்டும்.

செராமிக் வளையங்களை இந்த மூன்று வாரங்களிலும் தொடவே இல்லை. ஒவ்வொரு வாரமும் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் சோதித்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்திலேயே இருந்தன. இனி மாதம் ஒரு முறை வாளியோடு அளக்கப் போகிறேன். 65 வினாடியைத் தாண்டினால் முதலில் குழாய்களைக் கழற்றுவேன், ஸ்பாஞ்சை அதற்கடுத்த வாரம் பிழிவேன்.