விசில் கேட்டதா?

போர்மன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "விசில் கேட்டதா?" கேட்டது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

1999 ஜனவரி. ரொறன்ரோவில் இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் ஸ்நோ கொட்டி, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட மாதம். அங்கே இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. எனக்கு ஒரு ஒப்பந்தக்காரரிடம் இரவு வேலை. ரயில் பாதை பிரியும் இடங்களில் ஸ்நோ அள்ளுவது. நாங்கள் ஸ்விட்ச் என்போம். அங்கே நகரும் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் ஒரு பிடி ஸ்நோ இறுகினாலும் ஒட்டாது. சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், பின்னால் வருகிற ரயில்கள் எல்லாம் காத்துக் கிடக்கும். சூடாக்கும் கருவி இருந்ததுதான். ஆனால் அப்படிக் கொட்டும்போது அது உருக்கிய தண்ணீரே ஓரத்தில் மறுபடி உறைந்துவிடும். போகிற ரயிலின் அடியில் தொங்கும் பனிக்கட்டியும் அந்த இடுக்கில் வந்து விழும். சவளால் அள்ளி, அலவாங்கு மாதிரி ஒரு கம்பியால் குத்தி, கடைசியில் தும்புத்தடியால் கூட்டுவோம். நிமிர்ந்து பார்த்தால் முதலில் கூட்டிய இடம் திரும்பவும் வெள்ளையாய்க் கிடக்கும்.

காவலுக்கு ஒருவர் நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது, கொடுக்கவும் கூடாது. ரயில் வெளிச்சம் கண்டால் விசில் ஊத வேண்டும். வேலை செய்கிறவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு விலக வேண்டும். அன்றிரவு காவலுக்கு நின்றவர் அளவெட்டிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "நீ குனிஞ்சு செய் தம்பி, நான் நிக்கிறன்" என்றார்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கம்பி நுனியில் ஒரு கட்டி கண்ணாடிபோல உடைந்தது. அடுத்த கணம் ஜக்கெட்டின் பின்கழுத்தைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தேன். முகத்தில் ஸ்நோத் தூள் அள்ளி அடித்தது. ரயில் கடந்து போன பிறகுதான் அது ரயில் என்றே எனக்கு விளங்கியது. புதிதாக விழுந்த ஸ்நோ சத்தத்தைக் குடித்துவிடும். எங்கள் ஊரில் யாழ்தேவி ரயில் கொடிகாமத்தில் வரும்போதே வருகிறது என்று தெரியும் என்பார் எங்கள் அப்பா. அங்கே பத்தடி தூரத்தில் வந்தது தெரியவில்லை.

அண்ணை எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து மூச்சு வாங்கினார். விசில் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அதைத்தான் நான் பார்த்தேன். வாயில் இருக்கவில்லை.

ரயிலை ஓட்டியவர் அறிவித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் போர்மன் வந்துவிட்டார். அண்ணையைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். நான் யோசித்தது அரை நிமிடம்கூட இல்லை. அண்ணையின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அப்போது வன்னியில். அவர்களைக் கூப்பிட அவருக்கு அந்த வேலை தேவை. "கேட்டது, நான்தான் பிந்திவிட்டேன்" என்றேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கையும் இரண்டு கிழமை வேலையில்லையும். அண்ணைக்கு ஒன்றுமில்லை.

விடிய பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் ஊதினனான் தானே தம்பி."

இந்த ஒரு வசனத்தைத்தான் இத்தனை வருடமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். நம் தமிழில் அது கேள்வியாகவும் இருக்கலாம், உறுதியாகவும் இருக்கலாம். நான் ஊதியது உண்மை, நீ ஏன் பிந்தினாய் என்று சொன்னாரா? இனி யார் கேட்டாலும் இதுதான் கதை, சரிதானே என்று கேட்டாரா? அவர் குரலை நினைவில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் ஒன்றாகக் கேட்கிறது, மறுநாள் மற்றதாக. அன்று நான் சொன்னது "ஓம் அண்ணை" மட்டும்தான்.

அவர் ஊதியிருக்கலாம். எனக்குத் தலையில் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் ஜக்கெட் தொப்பி, எதிர்க்காற்று. விசிலுக்குள் உருளும் சின்னக் குண்டு எச்சில் பட்டு உறைந்து, ஊதினாலும் காற்று மட்டும் வருவது அந்தக் குளிரில் எங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. ஊதிப் பார்த்து, என் கை உயராததைக் கண்டு ஓடி வந்திருப்பார். அப்படியென்றால் நான் "கேட்கவில்லை" என்று உண்மை சொல்லியிருந்தால், ஊதிய மனிதருக்கு வேலை போயிருக்கும்.

ஊதாமலும் இருந்திருக்கலாம். அன்று பின்னேரம் வேலைக்கு வரும் வழியில் ஒரு இராணுவ வண்டி ஸ்நோ அள்ள வந்து சந்தியில் நின்றது. அந்தப் பொடியன்கள் சிரித்துக்கொண்டு சனங்களுக்குக் கை காட்டினார்கள். அண்ணையின் கை தன்பாட்டில் நெஞ்சுப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தேடியது. பிறகு இரவு முழுக்க அவர் கதைக்கவில்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் செம்மணிப் பக்கத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். பாதையில் காவல் நின்றபோது அவருடைய கண் எந்தப் பாதையில் நின்றதோ. வெளிச்சத்தைப் பிந்திக் கண்டு, ஊத நேரமில்லாமல் ஓடி வந்திருந்தால்? அதற்கும் அந்த இழுவை பொருந்துகிறது.

எப்படி என்றாலும் என்னைக் காப்பாற்றியது அவர் கைதான். அந்தக் கைக்கு எதிராக நான் எப்படிச் சாட்சி சொல்வேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். அது போதும் என்று நினைத்த வருடங்களும் உண்டு.

ஆனால் வேறொன்று இருக்கிறது. அதை நான் யோசிக்கவே பல வருடங்கள் ஆனது. போர்மனின் கேள்வி அண்ணையைப் பற்றியதாக இல்லாமலும் இருந்திருக்கலாம். விசில் கேட்கிறதா என்று அறியத்தான் கேட்டிருக்கலாம். நான் கேட்டது என்றேன். அதனால் அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும் வேறு ஆட்கள் அதே விசிலை நம்பி அதே இடத்தில் குனிந்தார்கள். "கேட்கவில்லை, அவர் ஊதியிருப்பார், ஆனால் இந்த ஸ்நோவில் கேட்காது" என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்கு இருந்த ஆங்கிலத்தில் ஆம் அல்லது இல்லைதான் சுலபமாக வந்தது. இதுவும் நான் தேடிப் பிடித்த சாட்டாக இருக்கலாம். அந்தக் குளிர்காலம் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொல்லி ஆறுதல்படவும் முடியவில்லை.

அண்ணையின் குடும்பம் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் படித்தார்கள். கலியாண வீடுகளில் சந்திப்போம், அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார். அந்த இரவைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். இனிக் கேட்க ஆளில்லை.

நான் இப்போது யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறேன். 1990இல் ரயில் நின்று, தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் போரில் பங்கர் கட்டப் போன ஊரில், 2015இலிருந்து மறுபடி காங்கேசன்துறைக்கு ரயில் ஓடுகிறது. போன மாதம் இணுவில் பக்கம் பாதையில் ஐந்தாறு பேர் கல் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். உச்சி வெயில், காற்றே இல்லை. கொஞ்சம் தள்ளி ஒருவர் கொடியோடு நின்றார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நானும் நின்றேன். ரயில் வருவது கண்டதும் அவர் விசில் ஊதினார். எல்லோரும் விலகினார்கள், ஒரு பொடியனைத் தவிர. அவன் குனிந்தபடி குத்திக்கொண்டே நின்றான். அவர் மறுபடி ஊதினார். அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

முதல் விசில் எனக்கு, வேலிக்கு இப்பால், நன்றாகவே கேட்டது.