காத்திருக்கும் நேரத்தில் மனம்

மெதுவாக ஆடுபவருடன் கோல்ஃப் ஆடுகையில் என் கவனத்தைக் கலைப்பது அவருடைய தாமதம் அன்று, அதனால் எனக்குள் மூளும் எரிச்சலே என்று உறுதியாக நம்புகிறேன். 2019 முதல் நடப்பிலுள்ள விதிகள், தடையின்றி ஆடும் நிலை வந்தபின் 40 விநாடிக்குள் அடிக்கப் பரிந்துரைக்கின்றன. ஆனால் அவர் மட்டையை மாற்றி மாற்றி எடுத்து, குழியைச் சூழ்ந்த மழமழப்பான புல்வெளியான கிரீனைச் சுற்றிவந்து குனிந்து பார்க்கும்போது நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தால், கெடுவது என் ஆட்டம்தான். அவ்வாண்டு வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் நடந்த ஓப்பன் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் பின், புரூக்ஸ் கெப்கா போன்ற பெரும் வீரரே உடன் ஆடியவரின் மந்தகதியைக் குறித்து வெளிப்படையாகக் குறைபட்டார். ஆகவே காத்திருக்கும்போது அவரைப் பாராமல், மரக்கிளைகளின் அசைவில் காற்றின் திசையை அறிந்து, சற்று நடந்து தோள்களைத் தளர்த்துகிறேன். கையுறைப் பட்டையை இறுக்கி ஒட்டும் அந்த நொடியில்தான் பந்தின்மீது மனத்தை வைக்கிறேன். ஆபத்தில்லாத இடத்தில், “நான் முதலில் அடிக்கட்டுமா?” என்று பணிவாகக் கேட்பதும் விதிகள் ஊக்குவிக்கும் வழக்கமே.