கணக்கை மொதல்ல ஊர் முன்னாடி வாசிக்கணும்

மலை கிராமங்கள்ல சின்ன சங்கம், ட்ரஸ்ட்னு நடத்துறவங்களுக்கு பயிற்சி குடுக்குறதும், பயிற்சி முடிஞ்சப்புறம் கூடவே இருந்து ஒத்தாசை பண்றதும்தான் என் வேலை. ஆனைக்கட்டி, கடம்பூர், தாளவாடி, கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் ஜவ்வாது மலைன்னு சுத்திக்கிட்டே இருப்பேன். இவ்வளவு வருஷம் பார்த்ததுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுதியா படுது. நாம குடுக்கற பயிற்சியில முக்காவாசி, அந்தத் தலைவரை பணம் குடுக்கறவங்களுக்கு பதில் சொல்லத்தான் தயார் பண்ணுது. சொந்த ஊருக்கு பதில் சொல்ல யாரும் சொல்லித் தர்றதில்ல. அதனாலதான் நல்லா வேலை செஞ்சுட்டு இருந்த எத்தனையோ பேர் பாதியில ஒடிஞ்சு போய் உட்கார்ந்துடறாங்க.

வழக்கமா எப்படி நடக்கும்னா கோயம்புத்தூர்லயோ ஈரோட்டுலயோ ஒரு ஹால் புடிப்பாங்க, ப்ரொஜெக்டர் போடுவாங்க, ப்ரப்போசல் எழுதுறது, ரிப்போர்ட் எழுதுறது, பட்ஜெட் போடுறதுன்னு ரெண்டு மூணு நாள் ஓடும். இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல, கண்டிப்பா வேணும். ஆனா காலையில மொத பஸ்ஸ புடிச்சு மலை இறங்கி வந்து, வீட்டுல இருளமோ ஊராளி பேச்சோ பேசுற ஒருத்தர், பாதி இங்கிலீஷ்ல ஓடுற ஸ்லைடைப் பார்த்து தலையாட்டிட்டு சர்டிபிகேட்டோட திரும்பிப் போறாரு. அடுத்த நாள் ஊர்ல "எங்க போயிருந்த, என்ன கொண்டு வந்த"ன்னு கேட்டா சொல்றதுக்கு அவருகிட்ட ஒண்ணும் இருக்காது.

ஆனைக்கட்டி, அட்டப்பாடி பக்கத்து இருளர் ஊர்கள்ல ஊரை நடத்துறதுக்குன்னு பழைய ஏற்பாடு ஒண்ணு இருக்கு. மூப்பன் ஊருக்குத் தலைவர், பண்டாரி பொதுப் பொருளைப் பாத்துக்கறவர், குறுதலை மூப்பனுக்குத் துணையா இருந்து ஆளுங்களைக் கூட்டுறவர், மண்ணுக்காரன் விவசாயம் சம்பந்தமானதைப் பாக்குறவர். ஜவ்வாது மலையில போனா ஊர் கவுண்டர்னு வேற மாதிரி இருக்கும். தலைவர், பொருளாளர், செயலாளர்னு நாம பைலாவில, அதாவது சங்க விதியில எழுதுறதுக்கெல்லாம் முன்னாடியே பொறுப்பைப் பிரிச்சு வச்சுக்கற பழக்கம் அந்த மக்கள்கிட்ட இருந்திருக்கு. அதைக் கண்டுக்காம புதுசா தலைமைப் பண்பு கத்துத் தர்றோம்னு போறதுல எனக்கு உடன்பாடே இல்ல. அதுக்காக பழைய ஏற்பாட்டுல எல்லாம் சரியா இருக்குன்னும் சொல்ல மாட்டேன். அந்தப் பொறுப்பெல்லாம் ஆம்பளைங்க கையிலதான், அது பெரிய குறை. ஆனா பேச்சைத் தொடங்க அதுதான் சரியான இடம். "உங்க ஊர்ல பண்டாரி யாருக்கு கணக்கு சொல்லுவாரு?"ன்னு கேட்டாலே போதும், அதுவரைக்கும் வாயே திறக்காத ஆளு கூட பேச ஆரம்பிச்சுடுவாரு.

அதனால இப்ப நான் எங்க போனாலும் பயிற்சியோட மொத பாடமா வைக்கிறது, போன மூணு மாச வரவு செலவை ஊர்ல எல்லார் முன்னாடியும், அவங்க பேசுற பேச்சுலயே வாசிக்கிறது. கேக்க சின்ன விஷயமாத்தான் தெரியும், ஆனா தலைவருங்க இதுக்குத்தான் ரொம்பப் பயப்படுறாங்க. கடம்பூர் பக்கம் ஒரு சங்கத்துல இப்படி வாசிக்கும்போது ஜீப் வாடகைன்னு ஒரு செலவு வந்துச்சு. பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எந்திரிச்சு, "ஏஞ்சாமி, அந்த மாசம் மழையில ரோடே அத்துக்கிட்டுப் போயிருச்சே, ஜீப்பு எப்படி வந்துச்சு"ன்னு கேட்டுட்டாங்க. கூட்டமே அமைதியாயிடுச்சு. சங்கத்தை நடத்துற தம்பிக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் மெதுவா சொன்னாரு, ரோடு அத்துப் போனதுனாலதான் பிரசவ வலி வந்த ஒரு பொண்ணை பள்ளம் வரைக்கும் தொட்டில் கட்டித் தூக்கிட்டுப் போய், அந்தக் கரையில ஜீப்பை நிக்க வச்சு சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம்னு. தூக்கிட்டுப் போன ஆளுங்கள்ல ரெண்டு பேரு அங்கேயே இருந்தாங்க, ஆமான்னு சொன்னாங்க. அந்தப் பாட்டி "அதைச் சொல்லு மொதல்ல"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. பல மாசமா "சங்கத்துக்காரன் காசு திங்கறான்"னு ஊருக்குள்ள ஓடிட்டு இருந்த பேச்சு அதுக்கப்புறம் குறைஞ்சு போச்சு. அதே செலவுக்கு வவுச்சர் ஒட்டி, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு, பணம் குடுக்கற டோனருக்கு ரிப்போர்ட்டும் போயிருந்துச்சு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா ஊருக்கு மட்டும் தெரியாது.

பதில் சொல்றதுன்னா பணக்கணக்கு மட்டும்னு நினைச்சுடக் கூடாது. இதைவிடக் கஷ்டமானது "மனு என்னாச்சு"ங்கற கேள்வி. காட்டுல தலைமுறையா வாழுறவங்களுக்கு அந்த நிலத்து மேல உரிமை குடுக்கற வன உரிமைச் சட்டம் 2006ல வந்துச்சு. ஊர் ஊரா குழு போட்டு, 10ல இருந்து 15 பேர் வரைக்கும் உறுப்பினர், அதுல மூணுல ஒரு பங்காவது பொம்பளைங்கன்னு சட்டத்துல சொன்னபடி எல்லாம் செஞ்சு, மனுவும் எழுதிக் குடுத்தாங்க. ஆனா 2008ல சென்னை உயர்நீதிமன்றம் போட்ட ஒரு இடைக்கால உத்தரவுனால தமிழ்நாட்டுல பட்டா குடுக்குறது வருஷக்கணக்கா நின்னு போச்சு. 2016ல உச்சநீதிமன்றம் அதை விலக்குன பிறகுதான் வழி திறந்துச்சு. நடுவுல போன அந்த வருஷங்கள்ல கெட்ட பேரு யாருக்குன்னு நினைக்கிறீங்க? மனு எழுதி வாங்கிட்டுப் போன உள்ளூர் சங்கத்துக்காரங்களுக்குத்தான். கோர்ட்டு உத்தரவுன்னு ஒண்ணு இருக்கறதே பல பேருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேருக்கும் அதை ஊர்ல எப்படி விளக்குறதுன்னு தெரியல. கூட்டத்துக்கே போகாம ஒதுங்கிக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

ஈரோடு மாவட்ட மலையாளி மக்களோட (கேரளாக்காரங்க இல்ல, இங்க மலையில வாழுற ஒரு சமூகத்தோட பேரு அது) கதை இன்னும் வலிக்கக் கூடியது. தர்மபுரியில, சேலத்துல இருக்கற மலையாளிங்க பழங்குடிப் பட்டியல்ல இருக்காங்க. அதே மக்கள், அதே சாமி, அதே கொடுக்கல் வாங்கல், ஆனா பர்கூர், கடம்பூர் மலையில இருந்தா பட்டியல்ல கிடையாது. பட்டியல்ல மாவட்டப் பேரு போட்டுத்தான் எழுதியிருக்காங்க, அதுல பழைய கோயம்புத்தூர் மாவட்டம் இல்ல, ஈரோடு அதுல இருந்து 1979ல பிரிஞ்சது. பட்டியலை மாத்தணும்னா பாராளுமன்றத்துலதான் மாத்த முடியும். வன உரிமைக்குப் போனாலும் அவங்களை மத்த வனவாசிங்கன்னுதான் எடுத்துக்கறாங்க, அப்ப மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கேயே இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும். இப்படி இருக்கற ஒரு ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் சங்கம் நடத்துறான். வருஷா வருஷம் பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களோட அப்பா அம்மா வந்து பழங்குடி சர்டிபிகேட் என்னாச்சுன்னு அவன்கிட்டதான் நிப்பாங்க. அவன் கையில தீர்வு இல்ல. "இது ஆர்டிஓ (கோட்டாட்சியர்) ஆபீஸ்ல முடியற வேலை இல்ல, நான் முயற்சி பண்ணலன்னு அர்த்தமும் இல்ல, தடை இருக்கறது இந்த இடத்துல"ன்னு ஊரைக் கூட்டி முழுசா சொல்ற தைரியம்தான் அவனுக்கு வேணும். அதுக்கு பட்டியல்ல என்ன எழுதியிருக்கு, யாரு எங்க கையெழுத்துப் போடணும்னு ஆதியில இருந்து அவனுக்குத் தெரியணும். நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து அதை ஒரு பெரிய தாள்ல படமா வரைஞ்சோம். அந்தத் தாளை அவன் ஊர்ல டீக்கடை சுவத்துல ஒட்டியிருக்கான்.

பணம் வர்ற வழிகள்லயும் சட்டதிட்டம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிடுச்சு. வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், வெளிநாட்டுப் பணம் வாங்குற பெரிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் குடுக்கவே கூடாது. மலையில இருக்கற சின்ன சங்கங்கள்ல நிறைய அந்தப் பணத்துலதான் ஓடிட்டு இருந்துச்சு. சரி நாமளே பதிவு பண்ணிக்கலாம்னா மூணு வருஷம் இயங்கியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சமாவது செலவு பண்ணியிருக்கணும். தேன், கடுக்காய், சீமாறு வித்துக் கூட்டம் நடத்துற சங்கத்துக்கு 15 லட்சம் எங்க இருந்து வரும்? நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்துல இருந்து 20 ஆக்கிட்டாங்க. கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு குடுக்கற சிஎஸ்ஆர் பணம் வாங்கணும்னா 12ஏ, 80ஜின்னு வருமான வரிப் பதிவு, அப்புறம் 2021ல இருந்து சிஎஸ்ஆர்-1 படிவம்னு தனியா இருக்கு. இதுல ஒவ்வொண்ணையும் மலை மேல இருக்கற தலைவர் மனப்பாடம் பண்ணணும்னு நான் எதிர்பார்க்கல. எது எப்ப முடியுது, எந்த பேப்பர் யாருகிட்ட இருக்குன்னு ஒரு நோட்டு இருந்தா போதும், மிச்சத்தை நல்ல ஆடிட்டர் பார்த்துக்குவாரு. ஆனா அந்த நோட்டு தலைவர் பையிலேயே இருக்கக் கூடாது, இன்னும் ரெண்டு பேருக்காவது அது எங்க இருக்குன்னு தெரியணும்.

நேரம், காலம் பத்தியும் சொல்லணும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் சீமாறு அறுப்பு, அப்புறம் தேன். அந்த சமயத்துல பயிற்சி வச்சா வேலையில்லாத ஆளுங்கதான் வருவாங்க, வரவேண்டியவங்க காட்டுல இருப்பாங்க. சாயந்திரம் மூணு மணிக்கெல்லாம் முடிச்சுடணும், பஸ்ஸை விட்டா ஆனை நடமாடுற ரோட்டுல யாரு நடக்கறது? திம்பம் மலைப்பாதையில 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரி வண்டிக் கட்டுப்பாடு வேற இருக்கு. டவுன்ல இருந்து வர்ற பயிற்சியாளருங்க "அஞ்சு மணி வரைக்கும் செஷன் இருக்கு"ன்னு சொல்லும்போது பொம்பளைங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும், அதுக்கு மேல ஒரு வார்த்தை கூட காதுல ஏறாது. இப்பல்லாம் அஞ்சாறு பொம்பளைங்களை மட்டும் தனியா உட்கார வச்சு, ஊர்லயே, திண்ணையில வச்சுத்தான் கணக்கு நோட்டு பழக்குறேன். பெரிய ஹால்ல ஒரு வார்த்தை பேசாத அக்காங்க அங்க வச்சு பில்லுல இருக்கற கூட்டல் தப்பைக் கண்டுபிடிக்கிறாங்க.

இதெல்லாம் நடக்கற காரியமான்னு யாராவது கேட்டா நான் ரெண்டு இடத்தைக் காட்டுவேன். கூடலூர்ல பணியர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர், காட்டுநாயக்கர்னு தனித்தனியா இருந்த மக்கள் ஆதிவாசி முன்னேற்ற சங்கமா சேர்ந்து, 80கள்லயே நில உரிமைக்கு நின்னாங்க. அங்க இருக்கற ஆதிவாசி ஆஸ்பத்திரியில நர்ஸா வேலை பாக்குறது அந்த ஊர்ப் பொண்ணுங்கதான். சித்தேரி மலைக்குப் பக்கத்துல சிட்லிங்கியில 1993ல ஒரு டாக்டர் தம்பதி குடிசையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு, உள்ளூர்ப் பொண்ணுங்களை சுகாதாரப் பணியாளரா பழக்கி, இன்னைக்கு அந்தப் பள்ளத்தாக்குல விவசாயிங்களுக்குன்னு சொந்தமா அமைப்பே இருக்கு. ரெண்டு இடத்துலயும் வெளியில இருந்து வந்தவங்க வந்ததும் ஒரு வொர்க்‌ஷாப் போட்டுட்டுக் கிளம்பிடல, வருஷக்கணக்கா அங்கேயே குடியிருந்தாங்க. நிதி குடுக்கறவங்க பன்னெண்டு மாசத்துல தலைவர்களை உருவாக்கிக் குடுங்கன்னு கேக்கும்போது நான் இதைத்தான் எடுத்துச் சொல்றது. பயிற்சிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குறாங்களோ அதே அளவு பயிற்சிக்கு அப்புறம் கூட இருக்கறதுக்கும் ஒதுக்கணும்.

கூட இருக்கறதுன்னா பாதி நேரம் போன் எடுக்கறதுதான். டவர் கிடைக்குற மேட்டுக்கு ஏறி நின்னு ராத்திரி கூப்பிடுவாங்க. சண்டையா இருக்கும், ரேஞ்சர் கூப்பிட்டு மிரட்டுனதா இருக்கும், இல்ல சம்பளம் வராம வீட்டுல அடுப்பு எரியலன்னு இருக்கும். ஊர்க்காரனா இருந்துக்கிட்டே ஊருக்கு வேலை செய்யறவனோட கஷ்டம் வெளியில இருந்து வர்றவங்களுக்கு இல்ல. நமக்கு லீவு இருக்கு, அவனுக்கு பக்கத்து வீட்டு சித்தப்பாவே கேள்வி கேக்குற ஆளு. அந்த நேரத்துல நான் யோசனை சொல்றதைவிட, இதே மாதிரி வேற மலையில இருக்கற இன்னொரு தலைவர்கிட்ட போனைக் கோர்த்து விட்டுடுவேன். தாளவாடிக்காரரு ஜவ்வாது மலைக்காரர்கிட்ட பேசுற பேச்சுல இருக்கற தெம்பு என் பேச்சுல வராது. இப்ப அவங்களுக்குள்ளேயே வருஷத்துக்கு ஒரு தடவை மாறி மாறி ஒருத்தர் ஊருக்கு இன்னொருத்தர் போய், அங்க கணக்கு வாசிக்கும்போது உட்கார்ந்து கேக்குறாங்க.

இந்த மழைக்காலத்துல ரெண்டு சங்கத்துல செக் கையெழுத்து மாறுது. ஒண்ணுல ஆரம்பிச்சவரே இருபது வருஷமா கையெழுத்துப் போட்டுட்டு இருந்தாரு, இப்ப திண்ணையில கணக்கு பழகுன ஒரு அக்கா பொருளாளரா வர்றாங்க. பேங்க்ல கேஒய்சி பேப்பரு, தீர்மான நகல்னு அலைச்சல் ஓடிட்டு இருக்கு. முதல் செக் போடறதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு கூட்டம் போட்டு பழைய கணக்கை முழுசா வாசிச்சு ஒப்படைக்கணும்னு அந்த அக்காவே கேட்டிருக்காங்க, தேதி மட்டும் இன்னும் முடிவாகல.