நாலு நாள் கழித்துக் கழன்ற ஆக்சிஜன் சென்சர்

கடைசியில் கழன்றது. பைக் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பென்ட் பைப்பில் நாலு நாளாக அசையாமல் உட்கார்ந்திருந்த ஆக்சிஜன் சென்சர் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது, மூக்கு முழுக்கக் கரி. புதியது ஏறிவிட்டது, சிக்னலும் ஆடுகிறது. இதை எழுதும்போதும் கையில் எண்ணெய் வாடை போகவில்லை.

வண்டி பழைய ஒற்றை சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் வந்த மாடல். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துப் பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்லும் இந்தச் சென்சருக்கு ஒரே ஒயர், தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஹீட்டர் கிடையாது. லிட்டருக்கு 42 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் மெல்ல மெல்ல 33க்கு இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மல்டிமீட்டர் வைத்ததும் விஷயம் புரிந்தது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே துள்ள வேண்டிய சிக்னல் 0.15இலேயே படுத்துக்கிடந்தது. திராட்டிலைச் சட்டென்று முறுக்கினாலும் 0.3ஐத் தாண்டவில்லை. இப்படி வோல்ட்டைக் குறைத்துக் காட்டிப் பெட்ரோல் போதவில்லை என்கிறது சென்சர், கரியைக் காட்டிப் பெட்ரோல் அதிகம் என்கிறது பிளக். இதில் பிளக் பொய் சொல்லாது. சென்சர் பேச்சைக் கேட்டு ஈசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினி) இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பைப்பில் கசிவு இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் சென்சர் இப்படித்தான் காட்டும் என்பதால், சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்து எக்ஸாஸ்ட் கேஸ்கெட் பக்கம் காது கொடுத்தேன். புஸ்ஸென்ற சத்தம் எதுவும் இல்லை. அப்போ சென்சர்தான்.

இனி கழற்றிய கதை. முதல் நாள் ஆறிக்கிடந்த எஞ்சினில் 17 நம்பர் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டது பெரிய தப்பு. இரண்டு மூலை மழுங்கியதுதான் மிச்சம். பக்கவாட்டில் வெட்டுள்ள சென்சர் சாக்கெட் வாங்கினேன். ஒயரை வெட்டாமல் மாட்டலாம், உண்மைதான். ஆனால் துருப்பிடித்த சென்சரில் பலம் கொடுத்தால் அந்த வெட்டு விரிந்துகொடுக்கிறது, கண்ணாலேயே பார்க்க முடிந்தது. புதியதை மாட்ட அது போதும், பழையதைக் கழற்ற அதை நம்பாதீர்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற சென்சர்தானே, ஒயரை வெட்டிவிட்டு ஆறு மூலை டீப் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றினேன். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், மிச்ச மூலைகளையும் தின்றுவிடும்.

மூன்று இரவு துரு நீக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தேன். நாலாம் நாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். தடிமனான தோல் கையுறை கட்டாயம். பைப் சூடாக இருக்கும்போதே, கழற்றும் பக்கம் அல்ல, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினேன். 'டிக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் நாலு நாள் காத்திருந்தேன். அப்புறம் கால் சுற்று வெளியே, கிரீச்சென்றதும் நிறுத்தி ஒரு சொட்டு எண்ணெய், அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி வெளியே. ஒரே மூச்சில் சுற்றினால் மரையில் உதிரும் துகள் மாட்டிக்கொண்டு பைப்பில் உள்ள மரையையும் உரித்துவிடும். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. கடைசி இரண்டு மரையில் வெள்ளியாக மின்னும் தூள் வந்தபோது கை நடுங்கிவிட்டது.

பைப்பில் உள்ள மரை 12க்கு 1.25, அதாவது விட்டம் 12 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. அதே அளவு மரை சுத்தம் செய்யும் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி மெதுவாக ஓட்டினேன், தூள் பைப்புக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பைப்பையே கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பைப்பை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் சென்சரைவிட மோசமான துருவில் இருக்கின்றன. அது தனி வேலை, தனி பதிவு.

புது சென்சர் வாங்குவதிலும் ஒரு பாடம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்ற ஒன்றைத்தான் முதலில் வரவழைத்தேன். வந்ததில் மரை 18 மி.மீ., ஒயரையும் நாமே ஒட்ட வேண்டும். பல சென்சர்கள் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும், அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்தான் சரி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் வண்டி ஒயரில் நேரே செருகும் கப்ளரோடு வருவதை வாங்கினேன். மரை இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் பேஸ்ட் மரையில் ஏற்கெனவே தடவியே வந்தது, நான் மேலே எதுவும் பூசவில்லை. ஒற்றை ஒயர் சென்சருக்குப் பைப்தான் எர்த், அதனால் மரை சுத்தமாக இருப்பது சிக்னலுக்கும் நல்லது. பக்கத்தில் சிலிக்கான் கேஸ்கெட் பசை எதையும் வைக்காதீர்கள், அதன் ஆவியே சென்சரைக் கொன்றுவிடும். கையால் கடைசிவரை சுற்றிவிட்டு 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன்.

ஸ்டார்ட் செய்ததும் மிச்ச எண்ணெய் எரிந்து கொஞ்ச நேரம் புகை. சென்சர் வேலை செய்ய முந்நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஹீட்டர் இல்லாததால் காத்திருந்தேன். மூன்றாவது நிமிடம் மீட்டரில் எண் எழுந்தது: 0.2, 0.7, 0.3, 0.8. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஐடிலில் நீண்ட நேரம் விட்டால் சென்சர் ஆறி சிக்னல் மந்தமாகிறது. ஒற்றை ஒயரில் அது சகஜம். ஸ்டட் வேலைக்குப் பைப்பைக் கழற்றும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சருக்காக இன்னொரு மரை வளையத்தையும் வெல்டிங் வைத்துவிடலாமா என்று யோசனை. இப்போதைக்கு ஒயரைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப் உடைந்ததால், பைப்பைத் தொடாமல் இரண்டு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன். புது பிளக் போட்டு டேங்கை நிரப்பியாயிற்று. ஓடோமீட்டர் 61,240.