ஆர்2-வ விடுங்க மாமா

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. வேலை ஜாஸ்தின்னு சொல்லி தப்பிச்சுக்கலாம், ஆனா உண்மை அது இல்ல. நாப்பது வயசுல ஒரு பேஸ்கட்பால் வீடியோ கேம்ல போய் மாட்டிக்கிட்டேன், அதான்.

மே லீவுக்கு மதுரைலேந்து அக்கா பையன் வந்திருந்தான். எட்டாவது முடிச்சுட்டு ஒன்பதாவது போறான், போன வருஷம் என் தோள் உசரம் இருந்தவன் இப்ப என்னைய குனிஞ்சு பாக்குறான், ஸ்கூல் டீம்ல வேற ஆடுறானாம். வந்ததும் பைலேந்து துணி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டிஸ்க்க எடுத்து டேபிள்ல வச்சான். அட்டையில பேஸ்கட்பால் ஸ்டார் கோபி ப்ரையன்ட், பேரு என்பிஏ 2கே24, அமெரிக்காவோட என்பிஏ லீக்க வச்சு பண்ண கேம். "மாமா உங்க பிஎஸ்4 இன்னும் ஓடுதுல்ல?" டிவில மாட்டற கேம் பெட்டிதான், ஓடுது, அரை மணி நேரத்துல மிக்சி ஓடற மாதிரி சத்தம் வரும், ஆனா ஓடுது.

எனக்கும் பேஸ்கட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல சொல்லிடறேன். எங்க ஸ்கூல்ல சிமென்ட் தரையில ஒரு கோர்ட் இருந்துச்சு. அந்த கம்பத்ததான் நாங்க ஸ்டம்பா வச்சு கிரிக்கெட் ஆடுவோம், எதிர் போர்டுல பந்து பட்டா சிக்ஸ். வளையத்துல வலைன்னு ஒண்ணு நான் பாத்ததே இல்ல. நிஜமாவே பேஸ்கட்பால் ஆடறவங்க ஏழெட்டு பேர் இருந்தாங்க, எல்லாம் உசரமான பசங்க, பி.டி. சாருக்கு செல்லம், அவங்க வந்தா நாங்க மூட்டைய கட்டிக்கணும். பத்தடி உசரத்துல இருக்கற வளையத்த அஞ்சடி நாலங்குலம் இருக்கறவன் எதுக்கு அண்ணாந்து பாக்கணும்னு அப்படியே விட்டாச்சு, இருபத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு.

முதல் மேட்ச்ல அவன் கோல்டன் ஸ்டேட் டீம எடுத்தான், அதுல கர்ரின்னு பெரிய ஸ்டார் இருக்காருல்ல. எனக்கு பாதி டீம் பேர் தெரியாது, லிஸ்ட்ல போயிட்டே இருந்தேன், "நீங்க டென்வர் எடுங்க மாமா, 2023 சாம்பியன்"னான். சரின்னு எடுத்தேன். நிஜத்துல ஒரு குவார்ட்டர் 12 நிமிஷம், கேம்ல நம்ம வசதிக்கு கொறைச்சுக்கலாம், நாங்க அஞ்சு நிமிஷம் வச்சோம். ஸ்கோர் 58–11. அந்த 11-லயும் ரெண்டு அவன் பாவம் பாத்து ஃபவுல் பண்ணி குடுத்த ஃப்ரீ த்ரோ.

என்ன நடந்துச்சுன்னா, எனக்கு தெரிஞ்ச ஒரே பட்டன் ஆர்2, வேகமா ஓடறதுக்கு. ஃபுட்பால் கேம் ஆடி வந்த பழக்கம், பந்து நம்மகிட்ட வந்ததும் வலது ஆள்காட்டி விரல் தானா அமுங்கிடும், அமுங்கினா எந்திரிக்கவே எந்திரிக்காது. ஓடுவேன், எதிர்ல மூணு பேர் மலை மாதிரி நிப்பாங்க, அவங்களுக்கு நடுவுலயே போவேன், பந்து போயிடும். இல்லன்னா கோட்ட தாண்டி ஆடியன்ஸ் மடியில போய் விழுவேன். நடுவுல விசில் வேற அடிச்சிட்டே இருந்தாங்க, எதுக்குன்னே புரியல. எட்டு செகண்டுக்குள்ள நடுக்கோட்ட தாண்டணுமாம், தாண்டினப்புறம் பந்தோட திரும்பி வரக்கூடாதாம், எதிராளி வளையத்துக்கு கீழ பெயின்ட் அடிச்ச இடத்துல மூணு செகண்டுக்கு மேல சும்மா நிக்கக்கூடாதாம். ஓடவும் கூடாது நிக்கவும் கூடாதுன்னா மனுஷன் என்னதான்டா பண்றதுன்னு கேட்டேன்.

"ஆர்2-வ விடுங்க மாமா, போதும்." முதல் நாள் மட்டும் இத நூறு தடவ சொல்லியிருப்பான்.

அது ஏன்னு எனக்கு புரியவே ஒரு வாரம் ஆச்சு. ஆள் கால்கிட்ட ஒரு எனர்ஜி கோடு இருக்கு, ஆர்2 அமுக்க அமுக்க அது கரையும், கரைஞ்சுட்டா ஆள் தள்ளாடுவான், ஷாட் போட்டாலும் விழாது. ஓடறப்ப பந்து உடம்ப விட்டு முன்னாடி தள்ளிப்போகும், எதிராளி கைய நீட்டினா போச்சு. ஓடற வேகத்துலயே ஷாட் போட்டா ஆள் சாஞ்சுக்கிட்டே காத்துல போவான், பந்து போர்டு மேல எங்கயோ படும். மொத்தத்துல அந்த பட்டன் ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் தொட்டு எடுக்கறதுக்கு, எதிராளி ஒரு அடி அசந்த உடனே சட்டுனு தாண்டறதுக்கு. மிச்ச நேரமெல்லாம் நடக்கணும். நடக்கணும்னா நிஜமாவே நடக்கணும், மார்க்கெட்ல காய் பாத்துக்கிட்டே போற மாதிரி.

இந்த இடத்துல என் டீம் ஆள பத்தி சொல்லியே ஆகணும். நிகோலா யோகிச். ஸ்பெல்லிங்க பாத்துட்டு நான் ரெண்டு நாள் ஜோகிக்னு கூப்பிட்டுட்டு இருந்தேன், பையன் தலையில அடிச்சுக்கிட்டான், "யோகிச் மாமா, செர்பியாக்காரர்." அதுக்கப்புறம் எங்க வீட்ல அவர் பேரு யோகி. ஆறடி பதினோரு அங்குலம், 2014 ட்ராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் புது ஆளுங்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, 41-வது ஆளா எடுத்தாங்க, அதாவது நாப்பது பேருக்கு அப்புறம். அந்த மனுஷன் 2024 மே மாசத்தோட மூணு தடவ எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர். அவர வச்சு ஆர்2 அமுக்கினா பெருசா ஒண்ணும் நடக்காது, ஆள் அவ்வளவுதான் ஓடுவார். அதனாலதான் எனக்கு அவர வச்சு விளையாட்டே பிடிபட்டுச்சுன்னு நினைக்கிறேன். வளையத்துக்கு ஓரமா அவர் கையில பந்த குடுத்து, எல்2 அமுக்கி எதிராளிய முதுகால தள்ளிக்கிட்டு, சும்மா நிக்கணும். நின்னா, மத்த நாலு பேரும் தானா அலைய ஆரம்பிப்பாங்க, கோர்டன் பின்பக்கமா வளையத்துக்கு கட் பண்ணுவார், போர்ட்டர் மூலைக்கு போவார், மர்ரே சுத்தி வருவார். ஆர்1 அமுக்கினா ஒவ்வொருத்தர் தலை மேலயும் ஒரு பட்டன் அடையாளம் வரும், யாருக்கு வேணுமோ அந்த பட்டன் தட்டினா பந்து நேரா அவர்கிட்ட. இது தெரியறதுக்கு முன்னாடி எக்ஸ் பட்டன மட்டும் தட்டிட்டு, நான் ஒருத்தருக்கு நினைச்சு குடுத்தா இன்னொருத்தருக்கு போகும், அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் பையனோட டீம்.

இதெல்லாம் சரி, ஷாட்? அது தனி சோகம். ஸ்கொயர அமுக்கி பிடிச்சா ஆள் எகிறுவார், பக்கத்துல ஒரு மீட்டர் நிறையும், சரியான இடத்துல விரல எடுக்கணும். கரெக்டா எடுத்தா பச்சை, பச்சைன்னா பந்து உள்ள, பேச்சே கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஷாட் போடற விதம் வேற, அதனால டைமிங்கும் வேற, கர்ரி கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள விட்டுடுவார். எனக்கோ யார வச்சு போட்டாலும் ஸ்க்ரீன்ல "லேட்", "லேட்", "வெரி லேட்". பையன் தூங்கினப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு தனியா உக்காந்து ஃப்ரீ த்ரோ மட்டும் போட்டு பாத்தேன், அதுவும் லேட். வயசாயிடுச்சு, கை நிதானம் போயிடுச்சுன்னு நிஜமாவே ஒரு பயம் வந்துச்சு, ஆபீஸ்ல மவுச க்ளிக் பண்றப்ப கூட கவனிக்க ஆரம்பிச்சுட்டேன்.

அஞ்சாவது நாள் பையன் ரிமோட்ட எடுத்து டிவி செட்டிங்ல போய் என்னமோ மாத்தினான். எங்க டிவி சினிமா மோட்ல இருந்திருக்கு. படம் வழவழன்னு தெரியணும்னு டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் வாங்கி வச்சு மெருகேத்திட்டுதான் நமக்கு காட்டும், அதுக்கு கண்ணுக்கு தெரியாத அளவுக்கு கொஞ்சம் நேரம் ஆகும். படம் பாக்கறப்ப அதனால ஒண்ணுமில்ல, சத்தமும் கூடவே சேர்ந்துதான் லேட்டா வருது. கேம்ல அப்படி இல்ல, மீட்டர் நிறையறத நான் பாக்கறதுக்குள்ள உள்ள அது ஏற்கனவே நிறைஞ்சு முடிஞ்சிருக்கும். கேம் மோட்னு ஒண்ணு இருக்கு, அத போட்டா இந்த மேக்கப் வேலையெல்லாம் நிறுத்திடும். போட்டதும் மூணாவது ஷாட்லயே எனக்கு பச்சை விழுந்துச்சு. மர்ரே. கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுது.

"டேய், அப்ப இந்த அஞ்சு நாளா நீ மட்டும் எப்படிடா போட்ட?"

"கொஞ்சம் முன்னாடியே விட்டேன் மாமா."

ரெண்டாவது ஷாட்லயே டிவி லேட்டுன்னு கண்டுபிடிச்சிருக்கான். ஏன்டா சொல்லலன்னா, நீங்க கேக்கலையேங்கறான். அக்காகிட்ட போன்ல சொன்னேன், அவ சிரிச்சா.

டிஃபென்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எனக்கு இன்னும் வரல. எல்2 புடிச்சுக்கிட்டு எதிராளி முன்னாடி கைய விரிச்சு நிக்கணும், அவ்வளவுதான், ஆனா கை சும்மா இருக்காதே, பந்த புடுங்கலாம்னு ஸ்கொயர தட்டோ தட்டுன்னு தட்டுவேன், ஃபவுல் ஃபவுலா விழும், ஆறு ஃபவுல் ஆனா ஆள் வெளிய. பையன் ஷாட் போடற மாதிரி பாவ்லா காட்டினா போதும், நான் ட்ரையாங்கிள அமுக்கி வானத்துக்கு எகிறிடுவேன், நான் கீழ வர்றதுக்குள்ள அவன் நிதானமா ரெண்டு அடி நடந்து போட்டுட்டு போவான்.

மூணாவது வாரம் ஒரு நாள் முதல் முறையா நான் நாலு பாயின்ட் லீடிங், ரெண்டு நிமிஷம் பாக்கி. கிரிக்கெட் மூளை வேலை செஞ்சுது: கட்டை போடுவோம். பந்த யோகிகிட்ட குடுத்து சும்மா நின்னேன். விசில். 24 செகண்டுக்குள்ள ஷாட் போட்டு பந்து வளையத்துலயாவது படணும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. இந்த 24 எங்கேந்து வந்துச்சுன்னு கடுப்புல தேடி படிச்சேன், நல்ல கதை. ஆரம்பத்துல என்பிஏல இந்த கடிகாரமே கிடையாது, லீடிங்ல இருக்கறவன் என்னைய மாதிரியே கட்டை போடுவான். 1950 நவம்பர் 22-ம் தேதி ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸ் லேக்கர்ஸ 19–18-னு ஜெயிச்சிருக்காங்க, முழு மேட்ச், ரெண்டு டீமும் சேர்த்தே 37 பாயின்ட். காசு குடுத்து டிக்கெட் வாங்கி வந்தவன் எவன் மறுபடி வருவான்? சிரக்யூஸ் டீம் ஓனர் டேனி பயசோன்னு ஒருத்தர் கணக்கு போட்டார்: மேட்ச் 48 நிமிஷம், அதாவது 2880 செகண்ட். நல்லா ஓடற மேட்ச்ல ரெண்டு டீமும் சேர்ந்து 120 ஷாட் போடறாங்க. வகுத்தா 24. 1954-ல கொண்டுவந்துட்டாங்க. நாலாங்கிளாஸ் வகுத்தல், அந்த ஆட்டமே மாறிடுச்சு. அன்னிக்கு நான் அந்த நாலு பாயின்ட் லீடிங்க கோட்டை விட்டு மூணு பாயின்ட்ல தோத்தேன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு நடுவுல நிஜ மேட்ச் பாக்குற கெட்ட பழக்கமும் ஒட்டிக்கிச்சு. அங்க ராத்திரி நடக்கறது இங்க விடிகாலை, அஞ்சரை மணிக்கு ஃபில்டர் காபியோட உக்காந்தா சரியா இருக்கும். மே 20 திங்கக்கிழமை, டென்வருக்கும் மினசோட்டாவுக்கும் ஏழாவது மேட்ச், ஜெயிச்சவன் அடுத்த ரவுண்டுக்கு, தோத்தவன் வீட்டுக்கு. என் யோகி நிஜமாவே நடக்கறார்ங்க, நான் கேம்ல மட்டும்தான் அப்படின்னு நினைச்சேன். எல்லாரும் ஓடறாங்க, இவர் வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு வரப்புல வர்ற மாதிரி வர்றார், பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது எங்க போகணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. ஹாஃப் டைம்ல 53–38, மூணாவது குவார்ட்டர் ஆரம்பத்துல 58–38. இருபது பாயின்ட் லீடிங், நான் குளிக்க போனேன். திரும்பி வந்து பாத்தா கரைஞ்சுட்டு இருக்கு. கடைசில 98–90, தோத்தாச்சு. யோகி 34 பாயின்ட், 19 ரீபவுண்ட் (தவறின ஷாட்ட புடிக்கறது), மர்ரே 35, அப்பவும் தோல்வி. ஒரு மாசத்துக்கு முன்னாடி டென்வர் மேப்ல எங்க இருக்குன்னு கேட்டா முழிச்சிருப்பேன், அன்னிக்கு ஆபீஸ்ல மதியம் வரைக்கும் யார்கிட்டயும் பேசல.

பையன் ஊருக்கு கிளம்பற அன்னிக்கு சாயங்காலம் கடைசி மேட்ச். ராத்திரி எக்மோர்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ். நான் டென்வர், அவன் கோல்டன் ஸ்டேட். என் வாழ்க்கையிலேயே நான் ஆடின நல்ல மேட்ச் அது, ஆர்2-வ தொட்டு தொட்டு எடுத்தேன், ஆனா ஷாட் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் தவறிக்கிட்டே இருந்துச்சு, டென்ஷன்னு நினைச்சேன். 49–47, அவன் லீடிங், ஒன்பது செகண்ட் இருக்கு, பந்து மர்ரேகிட்ட. எல்1 அமுக்கி பிடிச்சேன், யோகி ஸ்கிரீன் போட, அதாவது மர்ரேவ துரத்தறவன மறிச்சு நிக்க, வந்தார். பழைய நானா இருந்தா அவர் வந்து நிக்கறதுக்குள்ள ஓடியிருப்பேன். காத்திருந்தேன். யோகி நின்னார், மர்ரேவ துரத்தினவன் யோகி நெஞ்சுல முட்டி நின்னான், நான் ஒரே ஒரு தடவ ஆர்2, உள்ள நுழைஞ்சேன், ரெண்டு பேர் என் மேல வந்தாங்க, யோகிக்கு திருப்பி குடுத்தேன், மூலையில போர்ட்டர கவனிச்சுட்டு இருந்தவன் யோகிய தடுக்க வந்தான், ஆர்1, போர்ட்டர் தனியா. மூலையிலேந்து த்ரீ பாயின்ட் கோடு (அதுக்கு வெளியேந்து போட்டா மூணு பாயின்ட்) 22 அடிதான், மத்த எடத்துல 23 அடி 9 அங்குலம், இதெல்லாம் இப்ப எனக்கு தெரியும். ஸ்கொயர். எடுத்தேன். "ஸ்லைட்லி லேட்." வளையத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு வெளிய போச்சு.

ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தேன். வீட்டுக்காரி சீரியல் பாத்துட்டு இருந்தா, படம் பளபளன்னு இருந்துச்சு. எனக்கு சுருக்குனு ஒண்ணு தோணி ரிமோட்ட வாங்கி பாத்தேன், சினிமா மோட். "எல்லார் மூஞ்சியும் நீலம் பூத்த மாதிரி தெரிஞ்சுது, மத்தியானமே மாத்திட்டேன்"னா.

உடனே பையனுக்கு போன போட்டேன். ட்ரெயின் செங்கல்பட்டு தாண்டியிருந்துச்சு.

"தெரியும் மாமா. ஃபர்ஸ்ட் குவார்ட்டர்லயே தெரியும்."