ஊருணியும் பேரேடும்: செட்டிநாட்டுச் சிற்றூர்களின் வரலாற்றை எங்கே தேடுவது

செட்டிநாட்டைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி நான்கைந்து மாளிகைகளோடு நின்றுவிடுகிறது. கானாடுகாத்தான் அரண்மனையின் முகப்பு, பர்மாத் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, அதன் பிறகு ஒரு விருந்துச் சாப்பாடு என்று கட்டுரை முடிந்துவிடும். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் நாச்சாந்துபட்டி, நேமம், வலையபட்டி, வேலங்குடி என்று பெரிய சாலையை விட்டு விலகிக் கிடக்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு வரலாறு உண்டு என்பதையும், அந்த வரலாறு மாளிகைச் சுவர்களில் தெரிவதைவிட நீர்நிலைகளிலும் காகிதக் கட்டுகளிலும் மிகுதியாகத் தங்கியிருக்கிறது என்பதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத செம்மண் பூமி இது. இங்கே ஓர் ஊர் நிலைத்ததற்கு முதற்காரணம் தண்ணீர் தேக்கிய முறைதான். வீட்டின் ஓட்டுச் சரிவு முழுவதும் உள்முற்றத்தை நோக்கியே இறங்குவதால், மழை பெய்தால் நான்கு பக்கத்து நீரும் வளவில் வந்து விழும். அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தது போக மிஞ்சியது கல்வாய்க்கால் வழியே வெளியேறித் தெருவோரம் ஓடி ஊருணியில் சேரும். தெருக்கள் நேராக இருப்பது அழகுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு முறை நின்று பார்த்தால், நீர் போகும் திசைக்கு ஏற்றபடி ஊரே சரிந்திருப்பது தெரியும். குடிநீர் ஊருணியில் யாரும் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும், அதற்கென்று தனிக் குளமும், காவலுக்கு ஓர் ஆளும் இருந்தன. ஓர் ஊரின் வயதையும் ஒழுங்கையும் அறிய வேண்டுமானால், நான் முதலில் பார்ப்பது ஊருணியின் படிக்கட்டையும் அதற்கு நீர் வரும் வரத்துக்காலையும்தான்.

இந்த ஊர்களின் ஆவணங்கள் சிதறிக் கிடப்பதற்கு ஆட்சி எல்லையும் ஒரு காரணம். காரைக்குடியும் தேவகோட்டையும் பிரிட்டிஷார் ஆட்சியில் ஜமீன் நிலமாக இருந்தன. சில மைல் தள்ளியிருக்கும் மேலைச்சிவபுரியும் வலையபட்டியும் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊர்களுக்கு இரண்டு அரசாங்கம், இரண்டு நீதிமன்றம். முதற்பகுதி 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்து, 1985-இல் சிவகங்கை மாவட்டமாகப் பிரிந்தது. ஒரே குடும்பத்தின் சொத்து வழக்கைத் தேடுபவர் இதனால் மூன்று நான்கு அலுவலகங்களின் படியேற நேர்கிறது.

பணம் வந்த கதை ஓரளவு எல்லோரும் அறிந்ததே. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் பர்மா அரிசிக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்பட்டது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயல் ஆக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க நம்மூர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிக்க (கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய) போனார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அந்த உடைமை பர்மிய விவசாயிக்கு எத்தகைய துயரமாக இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும். நம்முடைய இழப்பை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறு. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அதோடு ஊரில் வீட்டு மாடிகளில் கட்டட வேலை நின்றது.

இந்தக் கதை ஒவ்வோர் ஊரிலும் ஒரே மாதிரி நடந்திருக்கும் என்று எண்ணுவது தவறு என்பதைப் பேரேடுகள் காட்டுகின்றன. பள்ளத்தூரிலிருந்து போய் 1900-இல் பர்மாவின் மோல்மேனில் தொடங்கிய தொழில் பின்னாளில் முருகப்பா குழுமமாக வளர்ந்தது என்பது நாடறிந்த செய்தி. ஆனால் அதே காலத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து போய், ஒரே ஒரு கடை வைத்து, இரண்டு தலைமுறையில் ஓய்ந்துபோன குடும்பங்களே மிகுதி. அப்படி ஒரு வீட்டில், இரண்டாங்கட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க வாய்த்தது. மேலே அன்றாடக் கணக்கெழுதும் சிட்டைகள், அடியில் தோல் அட்டை போட்ட பேரேடு, அதற்குள் மடித்து வைத்த ஓர் ஐந்தொகை (வரவு செலவு இருப்பைக் காட்டும் முடிவுக் கணக்கு). “ஆச்சி, இது யார் எழுதின கணக்கு?” என்று கேட்டேன். “எங்க அப்பச்சி மோல்மேன்ல இருந்தப்ப எழுதினது தம்பி. அவுக கையெழுத்து முத்து முத்தா இருக்கும்” என்றார்.

முத்து முத்தாகத்தான் இருந்தது. பிள்ளையார் சுழியும் சிவமயமும் போட்டு, வரவும் பற்றும் தமிழ் எண்களிலேயே எழுதி, கோயில் மகமைக்கு (தருமத்துக்கு ஒதுக்கும் பங்குக்கு) தனிப் பற்று வைத்திருந்தார். கடன் வாங்கிய பர்மியர்களின் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார். சமையலாளுக்குச் சம்பளம், ஊருக்கு அனுப்பிய பணம், ஒரு குடை வாங்கிய செலவு எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் யார் யார் ஒன்றாகத் தங்கினார்கள், எந்த ஊர்க்காரர் எந்த ஊர்க்காரருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்பதை இப்படிப்பட்ட வரிகளைக் கொண்டே எழுப்ப முடியும். நூலகத்தில் உள்ள எந்தப் பெரிய புத்தகமும் இதைச் சொல்லாது.

திருமணக் காகிதங்களும் இதே அளவு மதிப்புடையவை. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களில் இருந்து மாலை வந்தால்தான் நகரத்தார் திருமணம் நடக்கும் என்பதால், கோயில் ஏடுகளில் புள்ளிகளின் (மணமான குடும்பங்களின்) வரிசை தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கிறது. இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் ஒரு காலத்தில் ஓலையில் எழுதப்பட்டது. பெண்ணுக்கு வைத்த சாமான்களின் பட்டியல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பித்தளையும் வெண்கலமும் நிறைந்த பட்டியலில் மங்குச் சாமான் நுழைவதும், பிறகு அதை எவர்சில்வர் தள்ளுவதும், ஓலையில் பின்னிய கொட்டானும் (கூடை) தடுக்கும் (பாய்) மட்டும் மாறாமல் தொடர்வதும் தெரியும்.

இத்தகைய காகிதத்தின் அருமையை நமக்கு முன்பே உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் பத்திரிகை நறுக்குகளையும் சேர்த்து வைத்தார். பிறர் குப்பை என்று ஒதுக்கியதை அவர் கட்டிக் காத்தார். அவர் 1992-இல் மறைந்த பின் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழியல் ஆய்வில் இன்று யார் இறங்கினாலும் அந்த வாசலுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஒரு சிற்றூரில் ஒரு தனிமனிதர் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அறிவு வளர்த்த ஊர்கள் வேறும் உண்டு. மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை தோன்றியது. அதற்கு உயிராக இருந்த பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் ஊரான மகிபாலன்பட்டியே கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று கல்வெட்டைக் கொண்டு அறிஞர்கள் சொல்கிறார்கள். பாரதியார் 1919-இல் கானாடுகாத்தானில் வயி.சு. சண்முகம் செட்டியாரின் விருந்தினராகத் தங்கினார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தைப் பாடியதும் அந்தப் பயணத்தில்தான். கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்த்த கையோடு இதையும் கேட்டறிந்து வரலாம்.

கட்டியவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஆத்தங்குடிப் பட்டறையில் தரைக்கல் போடுபவரின் கையைக் கவனித்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வேலைப்பாடு உள்ள அச்சை அதில் பொருத்தி, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்; அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்க வேண்டும், கை சற்று நடுங்கினாலும் பூ கலைந்துவிடும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின் ஈரக் கலவை பூசி, உலரவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம் கண்ணாடியைப் போலவே வழுவழுப்பாக வந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்தவர், தூண் செதுக்கிய ஆசாரி, சுண்ணாம்பு அரைத்த பெண்கள், ஆள்வீட்டில் குடியிருந்த குடும்பங்கள், சமையலாளாக ரங்கூன் போய்த் திரும்பியவர்கள் ஆகியோரின் நினைவுகள் வீட்டுக்காரர் நினைவுகளோடு சேர்ந்தால்தான் ஊர் வரலாறு முழுமையாகும். இவர்களிடம் பேரேடு இல்லை. ஆகவே நேரில் உட்கார்ந்து கேட்பது ஒன்றே வழி.

காலம் குறைவாக இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பழுது பார்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பதால் ஓடு சரிந்தது சரிந்தபடியே கிடந்து, இறுதியில் வீடு விலைக்குப் போகிறது. தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய்விடுகின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றது நல்லதே. ஆனால் பரணில் இருக்கும் பெட்டிக்கு அந்தப் பட்டியலில் பாதுகாப்பு இல்லை. வீட்டுச் சாமான்களை விலை பேசும்போது காகிதத்துக்குத்தான் மிகக் குறைந்த விலை. எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே பங்காளிகளிடம் நான் கேட்டுக்கொள்வது, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியிலாவது படம் எடுத்துவையுங்கள். எந்த வீட்டுப் பெட்டி, எந்த விலாசம் (குடும்பத்தையும் தொழிலையும் குறிக்கும் பெயரெழுத்துகள்), யார் கையெழுத்து என்பதை அதனோடு எழுதிவையுங்கள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்குப் பழங்கணக்கில் தனித்தனிக் குறிகள் உண்டு. அவற்றைத் தடையின்றிப் படிக்கக்கூடிய பெரியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தாம் இருக்கிறார்கள். பெட்டியை அவர்கள் முன்னால் வைத்து, அவர்கள் படிக்கப் படிக்க ஒருவர் எழுதிக்கொண்டால், ஒரு விடுமுறைக்குள் ஒரு பேரேட்டை முடித்துவிடலாம்.